மூன்றாவது குரல்

முதல் குரல் வீண்தான் என்று தெரிந்தே செம்மலை அதைக் கொடுக்கிறார். வீட்டின் முன்படியில் வலது காலை மட்டும் வைத்து, இடது கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, "ஆச்சீ… செம்மலை வந்துருக்கேன்…" என்று ஓர் இழுப்பு. பதில் வராது. மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்து நரம்பைக் கிள்ளிப் போடுவார். இரண்டாவது குரல். அதற்கும் பதில் வராது. சுண்ணாம்பைத் தடவிப் பாக்கை வைத்து மடிப்பார். மூன்றாவது குரலையும் கொடுத்துவிட்டு, மடித்த வெற்றிலையை வாய்க்கருகே பிடித்தபடி அசையாமல் நிற்பார். உள்ளே எங்கோ கிணற்றடிப் பக்கத்திலிருந்து, "இருக்கேன்ப்பா…" என்று ஒரு மெல்லிய குரல் முற்றங்களைக் கடந்து வந்து சேரும். அப்புறந்தான் வெற்றிலை வாய்க்குள் போகும். பதில் வராத வீட்டு வாசலில் அவர் வெற்றிலை போட்டதை யாரும் பார்த்ததில்லை.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் முகப்பு, தூண்கள் சூழ்ந்த முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம், சமையல் கட்டு, கிணறு என்று வீடு போய்க்கொண்டே இருக்கும். பர்மாவில் இருந்ததெல்லாம் கைவிட்டுப் போன பிறகு பிள்ளைகள் மதராசுக்கும் பினாங்குக்குமாகச் சிதறிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு கிழவரோ கிழவியோ சாவிக்கொத்தோடு மிஞ்சினார்கள். விளக்கேற்ற ஆள் வேண்டும் என்பது வெளியே சொல்லும் சாக்கு. அவர்களை எங்கே கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது என்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, எங்கே போய் இருப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை என்பதுதான் நிஜம். "ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாமத் தின்னும்" என்று ஒரு பழமொழி உண்டு. எல்லோரும் அதைப் பராமரிப்புச் செலவுக்காகச் சொல்வார்கள். செம்மலை சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அந்தக் குரல் ஒரு காலத்தில் தாழ்ந்ததே இல்லை. பள்ளத்தூர்ப் பக்கம் கூரைக்கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீசுக்கு அவர்தான் விளம்பரம். மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் படத்தட்டியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கூவுவார். அழுகைப் படமென்றால் கூவும்போதே அழுவார். சண்டைப் படமென்றால் மாடு மிரளும். பிறகு கொட்டகைக்காரர் ஒலிபெருக்கி வாங்கினார். செம்மலையின் தொண்டைக்கு வேலை போயிற்று. "சினிமாவுக்குக் கூப்பிட்டப்ப ஊரே கிளம்பி வந்துச்சு. இப்ப நான் கூப்பிட்டா ஒருத்தரும் வெளிய வரமாட்டாக. இருக்கேன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும்னு ஆயிப்போச்சு எம் பொழப்பு" என்று சிரிப்பார்.

இந்த வேலை அவருக்கு வந்தது ஒரு சாவினால். தெற்குத் தெருவில் முதலாளியின் பூட்டிய வீட்டைக் காத்துக்கொண்டிருந்த அழகுசுந்தரம் என்ற பழைய கணக்கப்பிள்ளை, ஒரு கோடையில் இரண்டாம் முற்றத்தில் விழுந்து இறந்துபோனார். அவர் ராமேசுவரம் போயிருப்பார் என்று பால்காரர் நினைத்தார். பால்காரர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். காக்கைகள்தான் முதலில் கண்டுபிடித்தன. அந்தச் செய்தி மதராசுக்கும் கடல்தாண்டியும் போனது. கிழங்களை ஊரில் விட்டிருந்த வீடுகளெல்லாம் கலங்கிப்போய் ஓர் ஏற்பாடு செய்தன. உரத்த தொண்டையுள்ள ஓர் ஆள் தினமும் ஒரு தரம் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். பதில் வந்தால் போய்விடலாம். வராவிட்டால் ஊரைக் கூட்ட வேண்டும். அப்படித்தான் செம்மலை 'குரல்காரர்' ஆனார்.

கூப்பிடுவதோடு வேலை முடிந்திருந்தால் அவர் எப்போதோ பெருத்திருப்பார். பதிலுக்குப் பின்னாலேயே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குறை வரும். "காலு வீங்கியிருக்குப்பா, அந்தக் கம்பவுண்டர வரச் சொல்லு." "கண்ணாடி உடைஞ்சுபோச்சு." "நெகத்த வெட்ட ஒரு ஆளப் பாரு, குனிய முடியல." செம்மலை அலைவார். வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறவர், தலை மழிக்கிறவர், உப்பில்லாமல் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவள் என்று ஒவ்வொருவராகத் தேடிக் கெஞ்சிக் கூட்டி வருவார். பாதி நேரம் தப்பான ஆளைத்தான் கூட்டி வருவார். பல்வலிக்காரருக்கு ஒருமுறை எலும்பு கட்டுகிற வைத்தியரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஒரு செட்டியாரின் சிறுநீரைச் சர்க்கரைக்குப் பார்ப்பதற்காகச் சீசாவில் அடைத்து, துண்டில் சுற்றிக் காரைக்குடிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனபோது, மதுவிலக்குப் போலீஸ்காரர் ஒருவர் வழிமறித்துத் திறந்து மோந்து பார்த்தார். அந்தப் போலீஸ்காரர் அதன்பிறகு எங்கே கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

இத்தனை செய்தும் எந்த வீட்டுக்குள்ளும் அவர் முகப்பைத் தாண்டிப் போனதில்லை. மரியாதை என்று அவர் சொல்லுவார். பயம் என்று ஊர் சொல்லும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், செம்மலைக்கு வெளிச்சமாய் இருப்பதும் பேய்தான். உச்சிவெயிலில் ஆளில்லாத முற்றத்தில் ஒரு புறா படபடத்தால் போதும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அந்த வீடுகளுக்குள் அவர் குரல் போய் மோதி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். அது பழகிவிட்டது. "வாங்கினதத் திருப்பிக் குடுக்குற வீடு நல்ல வீடு" என்பார். கண்ணம்மை ஆச்சியின் வீடுதான் அவருக்கு ஆகாது. அதற்குள் எவ்வளவு குரல் கொடுத்தாலும் எதிரொலி வந்ததில்லை.

மூன்றாவது குரலுக்குத்தான் பதில் என்பது செம்மலை போட்ட சட்டமல்ல. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் காப்பது. "உசிரக் கொண்டுபோக வாரது, தெரிஞ்ச குரல்ல ரெண்டு தடவைதான் கூப்பிடும். மூணாவது தடவை கூப்பிட அதுக்கு மூச்சுக் கிடையாது. மூணாவது குரல் மனுசன் குரல். அதுக்குத்தான் வாயத் தொறக்கணும்" என்பார்கள்.

இது தெரியாமல் நர்சம்மா ஒரு கூத்துப் பண்ணினாள். வீரலட்சுமி என்று பெயர், சுகாதார நிலையத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள். வயதானவர்களை வீட்டிலேயே போய்ப் பார்ப்பதென்று நல்ல மனசோடு பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நடுப்பகலில் தெருவில் இறங்கினாள். வாசல் வாசலாக நின்று இரண்டு தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை, எல்லாரும் வெளியூர் போல என்று திரும்பிவிட்டாள். மறுநாள் செம்மலை சுற்றுக்குப் போனால் தெரு முழுக்க இழவுக் களை. "நேத்து உச்சிப் பொழுதுல ரெண்டு குரல் வந்துச்சுப்பா, பொம்பளைக் குரலு" என்று ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு. ஓர் ஆச்சி குளித்து முழுகிக் கங்கைச் சொம்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேவிட்டாள்.

"நான் ரெண்டு தடவை கூப்பிட்டேனே அண்ணே!" என்றாள் வீரலட்சுமி அழமாட்டாத குறையாக.

"அதாம்மா தப்பு. ஒண்ணு, ஒரு தடவையோட நிறுத்தியிருக்கணும். இல்ல, இன்னும் ஒண்ணு சேத்துக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடாமலே உள்ள போயிருந்தாக்கூடத் திருட வந்த ஆளுன்னு விட்டுருப்பாக."

அவள் கெட்டிக்காரி. அன்றிலிருந்து மூன்று குரல் கொடுக்காமல் எந்த வாசலையும் விட்டு நகர்ந்ததில்லை.

கண்ணம்மை ஆச்சிக்கு வயது எண்பதை ஒட்டியிருக்கும். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து, இடுப்பில் கனமான சாவிக்கொத்து. அத்தனை அறைகளையும் பூட்டிவிட்டுக் கிணற்றடியை ஒட்டிய கடைசிக் கட்டுக்குள் மட்டும் புழங்கினாள். பிள்ளை இல்லாமல் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொண்டவள். அந்த மகன் முத்துக்கருப்பன் மதராசில் இருந்தார். தங்கமான மனிதர்தான், வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆச்சி போக மாட்டாள். செம்மலையும் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "அங்க போயி அந்தச் சின்ன ரூம்புல உக்காந்துக்கிட்டு நான் யாருக்குப்பா இருக்கேன்னு சொல்றது? இங்கென்னா நீ ஒருத்தனாச்சும் கேக்குற" என்றாள். அந்தப் பேச்சுக்குப் பிறகு செம்மலை மதராசைப் பற்றி வாயெடுக்கவில்லை. தாயை இளவயதிலேயே வாரிக்கொடுத்தவர். இந்த ஒரு வாசலில் மட்டும் பதில் வந்த பிறகும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார்.

போன வருஷம் ஆடியில், காற்று ஓய்ந்து தெருவே மூச்சடக்கிக் கிடந்த ஓர் உச்சிப் பொழுதில் அது நடந்தது. செம்மலை படியில் கால் வைத்து முதல் குரலைக் கொடுத்தார். கை மடிக்குப் போய் வெற்றிலையைத் தொட்டிருக்கும்.

"இந்தா வாரேன்!"

தெளிவான குரல். முகப்புக்கு அடுத்த அறையிலிருந்து சொன்னதுபோல அத்தனை கிட்டத்தில் கேட்டது. அதில் ஒரு துள்ளல்கூட இருந்தது. செம்மலைக்குச் சந்தோஷம். இன்றைக்கு ஆச்சிக்கு உடம்பு நல்ல தெம்பாயிருக்கிறது, நமக்கும் இரண்டு குரல் மிச்சம் என்று நினைத்துக்கொண்டார். வெற்றிலையைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வாசலைப் பார்க்க நடந்தார். பதில் வந்தால் போய்விடலாம் என்பதுதானே பேச்சு.

இரண்டு வீடு தாண்டியிருப்பார். வாயில் வெற்றிலை பச்சைத் தழையாகக் கசந்தது. என்னடா இது என்று துப்பிப் பார்த்தார். சுண்ணாம்பு இல்லை. ஏன் இல்லை? சுண்ணாம்பு தடவுவது இரண்டாம் குரலுக்கும் மூன்றாம் குரலுக்கும் நடுவில். இரண்டாம் குரலே கொடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஆச்சி ஒருநாளாவது முதல் குரலுக்குப் பதில் சொன்னதுண்டா? அதுவும் 'இருக்கேன்' என்றுதானே சொல்லுவாள். 'வாரேன்' என்று யாரிடம் சொன்னாள்?

திரும்பி ஓடினார். வாசலில் வந்து நின்றால் கூப்பிட வாய் வரவில்லை. உள்ளே போகக் காலும் வரவில்லை. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதற்கப்பால் முற்றத்தில் வெயில் அப்படியே வெள்ளையாக நின்றது. செம்மலை அங்கிருந்து எதிர்த்தெருவுக்கு ஓடி, யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்த வீரலட்சுமியைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தார். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையோடு விடுவிடுவென்று உள்ளே போனாள். செம்மலை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

"செம்மலையண்ணே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் அசையவில்லை. மறுபடி வந்தது. அப்போதும் அசையவில்லை. "செம்மலையண்ணே! மூணாவது தடவை கூப்பிடுறேன், நான்தான்! ஆச்சி விழுந்து கெடக்காக, கார் பிடிச்சுட்டு வாங்க!" என்று வீரலட்சுமி தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் எழுந்து ஓடினார்.

கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து ஆச்சிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. காரைக்குடி ஆஸ்பத்திரியில் காலுக்கு எடை கட்டிப் படுக்க வைத்தார்கள். கூடவே ஓர் ஆள் இருந்தால்தான் படுக்கை என்றார்கள். முத்துக்கருப்பன் மதராசிலிருந்து வந்து சேரும்வரை செம்மலை வராந்தாவில் துண்டை விரித்துக் கிடந்தார். ஆச்சிக்குக் காய்ச்சல் இறங்கி நினைவு தெளிந்ததும் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, அன்னைக்கு நீ எத்தனை தடவை கூப்பிட்டே?"

"ஒரு தடவைதான் ஆச்சி. அதுக்கே பதில் சொல்லிட்டீகளே."

ஆச்சி கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்ப முந்தி வந்த ரெண்டும்?"

"எந்த ரெண்டு ஆச்சி?" என்றார் செம்மலை.

"உன் குரல்தான்ப்பா. ஆச்சீ, செம்மலை வந்துருக்கேன்னு அதே இழுப்பு. ஆனா வாசல்லேருந்து வரல. நான் இங்குட்டுக் கிணத்தடியில விழுந்து கெடக்கேன். அது அங்குட்டு, பூட்டுன அறைக்குள்ளேருந்து வருது. ரெண்டு தடவை. நான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். அப்புறம் வாசல்லேருந்து ஒண்ணு வந்துச்சு. மூணாச்சே, மனுசன்தான்னு வாயத் தொறந்துட்டேன்."

"அது நாந்தான் ஆச்சி. சத்தியமா நாந்தான்."

"நீதான். இல்லங்கல. ஆனா ரெண்ட அது கூப்பிட்டு மூணாவத நீ கூப்பிட்டா, நான் சொன்ன பதிலு யாருக்குப் போய்ச் சேரும்? இருக்கேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வாரேன்னு வந்துருச்சு." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இம்புட்டு வருசமா நீ குடுத்த குரலயெல்லாம் அந்த வீடு ஒருநாளாச்சும் திருப்பிக் குடுத்துச்சா? வச்சிருந்திருக்கு."

விழுந்த வலியும் காய்ச்சலும் சேர்ந்து என்னவெல்லாமோ கேட்கும் என்றாள் வீரலட்சுமி. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அன்று ஊர் திரும்பும்போது செம்மலை கண்டக்டரிடம்கூட வாய் திறக்காமல் கையைக் காட்டித்தான் டிக்கெட் வாங்கினார். வாழ்நாளெல்லாம் சோறு போட்ட தொண்டையின் மேலேயே அவருக்குப் பயம் வந்துவிட்டது.

ஆச்சி எழுந்து நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி இரவும் பகலும் கூட ஓர் ஆள் வேண்டும். முத்துக்கருப்பன் மதராசுக்கு அழைத்தார். தேவகோட்டைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லத்தில் ஓர் இடம் இருப்பதாகச் செம்மலையும் விசாரித்து வந்தார். ஆச்சி இரண்டுக்கும் மாட்டேனென்று தலையசைத்துவிட்டாள். "போனா அந்த வீட்டுக்குத்தான். அதுக்குப் பயந்து ஓடினேன்னு இருக்கக் கூடாது." செம்மலை ஆள் தேட ஆரம்பித்தார். முதலில் வந்தவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவாமல் போய்விட்டாள். "யாரோ என்னயப் பேர் சொல்லிக் கூப்பிடுறாக" என்று மட்டும் தெருவில் சொன்னாளாம். அடுத்தவள் பொழுது சாயும்வரைகூடத் தாங்கவில்லை. அதன்பிறகு கூலி என்ன கொடுத்தாலும் அந்த வாசலை மிதிக்க ஒருத்தியும் வரவில்லை.

சோலையம்மாள் கிடைத்தது காளையார்கோவில் பஸ் நிறுத்தத்தில். ஆள் தேடிப் போயிருந்த செம்மலை, கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற ஒருத்தி அங்கே நிற்பதைப் பார்த்துப் பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பவில்லை. சரிதான், விவரமானவள் என்று இரண்டாவது குரல் கொடுத்தார். மூன்றாவதும் கொடுத்தார். நாலாவதுக்கும் திரும்பாத ஒருத்தியை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தார். முன்னால் போய் நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. சின்ன வயசில் வந்த காய்ச்சலில் சோலையம்மாளுக்கு இரண்டு காதும் போய்விட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊர் சலித்துக்கொள்ளும். செம்மலைக்கோ பஸ் நிறுத்தத்திலேயே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"செவிடுகிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்று ஆச்சி முனகினாள்.

"அதான் ஆச்சி நல்லது. நீங்க சொல்றதும் அவளுக்குக் கேக்காது. மத்தது சொல்றதும் கேக்காது."

ஆச்சி சிரித்தேவிட்டாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்.

சோலையம்மாள் வலுத்த கைக்காரி. ஆச்சியைக் குழந்தைபோலத் தூக்கி உட்காரவைப்பாள். தன் காதில் விழாத பாட்டு ஒன்றை நாள் முழுக்க உரக்கப் பாடுவாள். கட்டிலை முதல் முற்றத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நீள நூல்கயிற்றின் ஒரு நுனி ஆச்சியின் கையில். மறுநுனி சோலையம்மாளின் மணிக்கட்டில். செம்மலை வாசலில் மூன்றாவது குரல் கொடுத்ததும் ஆச்சி கயிற்றை இழுப்பாள். சோலையம்மாள் பாடிக்கொண்டே வாசலுக்கு வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். 'இருக்காக' என்று அதற்கு அர்த்தம். அப்புறம் வெற்றிலை.

ஆச்சி இன்னொரு ஏற்பாடும் சொல்லிவைத்தாள். "நீ வாரதுக்கு முந்தியே எனக்கு எதுவும் கேட்டுச்சுன்னா, அது உனக்குத் தெரியணும்ப்பா. எத்தனை கேட்டுச்சோ அத்தனை விரல இவகிட்டக் காட்டுவேன். இவ வாசல்ல வந்து நின்னு உனக்குக் காட்டுவா. அப்ப நீ வாயத் தொறக்கக் கூடாது. என் வாய எனக்கு நம்பிக்கை இல்ல." செம்மலை சரியென்றார். அப்புறம் ஐப்பசி போயிற்று, தை போயிற்று. அவர் படியில் கால் வைக்கும்போது வாசல் காலியாகவே இருந்தது. குரல் கொடுப்பார், கயிறு இழுபடும், கை விரியும். வீரலட்சுமி வாரம் தவறாமல் வந்து புண் வராமல் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டுப் போனாள். ஆச்சி லேசாகச் சதைகூடப் போட்டிருந்தாள். விரல் ஏற்பாட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

இந்தப் பங்குனியில் ஒரு நடுப்பகல். நாய்கூட நிழலை விட்டு எழாத வெயில். செம்மலை வழக்கம்போல வந்தார். படியில் வலது காலை வைத்தார். இடது கை காதுக்குப் போயிற்று. முதல் குரலுக்கு மூச்சை இழுத்தார்.

ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் சோலையம்மாள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

பாட்டு இல்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பதுபோல அவரை முறைத்தாள். பிறகு கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினாள். அவள் முகத்தில் பயம் எதுவும் இல்லை. உள்ளே காட்டியதை வெளியே காட்டுகிறாள், அவ்வளவுதான். அவளுடைய மற்றக் கையில் கட்டியிருந்த கயிறு, முகப்பைக் கடந்து, முற்றத்து வெயிலைக் கடந்து இருட்டுக்குள் போயிற்று. அது வெட்டி வெட்டி இழுபட்டுக்கொண்டிருந்தது.

செம்மலையின் நெஞ்சில் இழுத்த மூச்சு அப்படியே நின்றது. அது வெளியே வந்தால் மூன்றாவது குரல். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். ஓர் ஆள் இல்லை. வீரலட்சுமி வருகிற நாளும் அது இல்லை. உள்ளே ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பாள்; எத்தனை நேரம் பொத்திக்கொண்டிருக்க முடியும்? கயிறு இன்னொரு முறை வெட்டியது. முன்னைவிட வலுக் குறைந்திருந்தது.

அவர் மடியிலிருந்த வெற்றிலைகளை எல்லாம் எடுத்தார். நரம்பு கிள்ளவில்லை, சுண்ணாம்பு தடவவில்லை. ஒரு சத்தமும் வெளியே தப்ப முடியாதபடி, கன்னம் இரண்டும் புடைக்க, அத்தனையையும் வாய்க்குள் திணித்து அடைத்துக்கொண்டார். செருப்பைப் படியில் கழற்றினார். பிறகு சோலையம்மாளின் கைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகப்பைத் தாண்டி உள்ளே நடந்தார்.